இரண்டு பகடையும் ஒரு கடிகாரமும்: வேலையில் இருந்துகொண்டே சிமுலேஷன் கற்பது எப்படி?

வேலையிடத்தைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன். நிறுவனங்களில் அதற்கான பயிற்சி எப்படி நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மென்பொருளை விற்றவர்களிடமிருந்து ஒருவர் வருவார். முதல் நாள் மெனுக்களும் பொத்தான்களும். இரண்டாம் நாள் கன்வேயரைத் திரையில் இழுத்து வைப்பது. மூன்றாம் நாள் முப்பரிமாணத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும், எல்லோரும் கைபேசியில் படம் எடுப்பார்கள். மாலையில் சான்றிதழ், சமோசா. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஆண்டுக் கட்டணம் கட்டிய உரிமம் அப்படியே இருக்கும், அதைத் திறக்கத்தான் ஆள் இருக்காது.

பயிற்சிக்கு வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். பாடத்தை வால் பக்கமிருந்து நடத்தியதுதான் கோளாறு. சிமுலேஷனில் மென்பொருள் கடைசியில் வர வேண்டியது. முதலில் கையால் போட்டுப் பார்க்க வேண்டும், அடுத்து எக்செல், அடுத்து உங்கள் வேலையிடத்திலிருந்தே எடுத்த ஒரு கேள்வி, மென்பொருள் அதற்கும் பிறகு. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது. தொழிற்சாலைப் பொறியாளர், மருத்துவமனை நிர்வாகி, கிடங்கு மேலாளர் என யாராக இருந்தாலும் வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் உருப்படியான ஒரு மாடலை, அதாவது உங்கள் வேலையிடத்தைக் கணினிக்குள் ஓட்டிக் காட்டும் அமைப்பை, முடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. சராசரியும் திட்ட விலக்கமும் மறந்துபோயிருந்தால் பள்ளிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உருவகப்படுத்தல், பாவனையாக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நான் வேலையிடத்தில் புழங்கும் சிமுலேஷன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். மாடலை 'மாதிரி' ஆக்கவும் இல்லை. தமிழில் மாடலும் மாதிரி, சாம்பிளும் மாதிரி. இந்தத் துறையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கும், படிப்பவர் பாடு திண்டாட்டமாகிவிடும்.

எந்தக் கிளையில் தொடங்குவது

சிமுலேஷன் என்றால் நிஜத்தில் செய்து பார்க்க முடியாததை, அல்லது செய்து பார்த்தால் காசும் பேரும் போகக்கூடியதை, கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது. இதில் பல கிளைகள் உண்டு. வேலையிடத்தில் அதிகம் பயன்படுவது நிகழ்வுகளைப் பின்தொடரும் சிமுலேஷன். ஒருவர் வருகிறார், காத்திருக்கிறார், வேலை முடிந்து போகிறார். கணினிக் கடிகாரம் நொடிநொடியாக நகராமல் ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவும். இதற்கென்றே ஐபிஎம் நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் உருவாக்கிய ஜிபிஎஸ்எஸ் என்ற சிமுலேஷன் மொழி 1961இல் வந்தது. அதே பத்தாண்டில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். இன்று மென்பொருள் படிப்பவர்கள் எல்லோரும் கற்கும் 'ஆப்ஜெக்ட்', 'கிளாஸ்' ஆகியவை அங்கே, சிமுலேஷன் எழுதுவதற்காகத்தான் பிறந்தன. நம் துறையின் பெருமை இது, அதிகம் பேர் அறியாதது.

மற்ற கிளைகள்: கையிருப்பு, மக்கள்தொகை போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தையும் ஒன்று மற்றொன்றைத் திருப்பித் தள்ளுவதையும் பார்க்கும் சிஸ்டம் டைனமிக்ஸ் (எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டர் 1950களில் தொடங்கியது), தனித்தனி ஆட்களின் நடத்தையிலிருந்து கூட்டத்தின் நடத்தையை எழுப்பும் ஏஜென்ட் முறை. முதல் மூன்று மாதம் இவற்றைத் தொடாதீர்கள். வரிசை, இயந்திரம், கவுன்ட்டர், படுக்கை, லாரி இவற்றில் ஏதாவது உங்கள் வேலையில் இருந்தால் நிகழ்வுச் சிமுலேஷன்தான் உங்களுக்கானது.

முதல் வாரம்: பரமபதத்துப் பகடை

வீட்டில் பரமபதம் ஆடும் பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கவுன்ட்டர். அடுத்த ஆள் எத்தனை நிமிடம் கழித்து வருவார் என்பதற்குப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அப்படியானால் இடைவெளி 2 முதல் 12 நிமிடம், நீண்ட கால சராசரி 7. அவருடைய வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதற்கு இன்னொரு முறை உருட்டி 2 கூட்டுங்கள். அது 3 முதல் 8 நிமிடம், சராசரி 5.5. நான் ஒரு வகுப்பில் உருட்டியபோது விழுந்தவை இவை:

| ஆள் | வந்தது | தொடங்கியது | வேலை நேரம் | முடிந்தது | காத்திருப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 0 | 0 | 7 | 7 | 0 |
| 2 | 4 | 7 | 5 | 12 | 3 |
| 3 | 6 | 12 | 8 | 20 | 6 |
| 4 | 16 | 20 | 3 | 23 | 4 |
| 5 | 22 | 23 | 6 | 29 | 1 |
| 6 | 34 | 34 | 4 | 38 | 0 |

அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். இரண்டாமவர் நான்காம் நிமிடத்தில் வந்துவிட்டார், முதலாமவர் முடித்தது ஏழில், ஆகவே அவருக்கு மூன்று நிமிடக் காத்திருப்பு. இந்த ஆறு பேரும் சராசரியாக 6.8 நிமிடத்துக்கு ஒருவராக வந்தார்கள். வேலை சராசரியாக 5.5 நிமிடம். சராசரிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் யாருமே காத்திருக்கக் கூடாது. ஆனால் ஆறு பேரில் நான்கு பேர் நின்றார்கள். அதே அரைமணிச் சொச்சத்தில் கவுன்ட்டர்க்காரர் 29 முதல் 34 வரை ஐந்து நிமிடம் சும்மாவும் உட்கார்ந்திருந்தார். மேலாளர் அந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கம் வந்திருந்தால் "இங்கே ஆள் அதிகம்" என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். மூன்றாமவரைக் கேட்டிருந்தால் "ஆள் போதவில்லை" என்றிருப்பார்.

முப்பது ஆள் வரை கையாலேயே உருட்டுங்கள். அலுப்பாக இருக்கும். அந்த அலுப்பு வேண்டும். 'தொடங்கும் நேரம்' என்ற கட்டத்தை நிரப்பும்போது உங்கள் கை தானாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்துவிடும்: இவர் வந்த நேரம், முன்னவர் முடித்த நேரம், இரண்டில் எது பெரியதோ அது. ஒற்றைக் கவுன்ட்டர் சிமுலேஷனின் இதயம் அந்த ஒரு வரிதான்.

அடுத்த இரண்டு வாரம்: எக்செல்

இப்போது அதே அட்டவணையை எக்செல்லில் போடுங்கள். பகடைக்குப் பதில் ரேண்ட் சார்பு (0க்கும் 1க்கும் இடையே தற்செயலாக ஓர் எண்ணைத் தருவது), 'இரண்டில் பெரியது' என்பதற்கு மேக்ஸ் சார்பு. ஆயிரம் வரிசைக்குக் கீழே இழுத்துவிடுங்கள்.

பகடையின் எண்கள் எல்லாமே சம வாய்ப்புள்ளவை. நிஜத்தில் ஆட்கள் வருவது அப்படி இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாமல் வருகிறவர்களின் இடைவெளி பெரும்பாலும் எக்ஸ்பொனென்ஷியல் பரவலை ஒட்டியிருக்கும். சின்ன இடைவெளிகள் நிறைய, எப்போதாவது மிக நீண்டது ஒன்று. இதை எக்செல்லில் வரவழைப்பது எளிது. ரேண்ட் தரும் எண்ணுக்கு எல்என் சார்பால் மடக்கை எடுத்து, சராசரியால் பெருக்கி, கழித்தல் குறியை மாற்றிவிட்டால் போதும்.

இப்போது ஒரு சோதனை. சராசரி 6 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், சராசரி 5 நிமிடம் வேலை, இரண்டுமே எக்ஸ்பொனென்ஷியல். வரிசையில் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? மாடலை ஓட்டும் முன் எண்ணைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் 3, 5 என்றுதான் எழுதுவார்கள். விடை 25 நிமிடம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதத்தில் இதற்குத் துல்லியமான சூத்திரமே உண்டு.

அதே அட்டவணையில் வேலை நேரத்தை 5லிருந்து 5.5 ஆக்குங்கள். முப்பதே நொடி கூடுதல். காத்திருப்பு 25லிருந்து ஏறக்குறைய 60 நிமிடமாகிவிடும். மறுபடி 5க்கே வந்து, ஒரே வரிசைக்கு இரண்டாவது கவுன்ட்டரைத் திறங்கள். காத்திருப்பு ஏறத்தாழ ஒரு நிமிடம். பாதியாகும் என்று எதிர்பார்த்தவர்கள் இந்த இடத்தில் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பயிற்சியில் நான் காத்துக்கொண்டிருக்கும் தருணம் அது. ஆள் முழுக்க முழுக்க வேலையாக இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டு வரிசை ஏன் நீள்கிறது என்று கேட்கும் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆயிரம் வரிசை ஓட்டியும் உங்களுக்கு 25 வராமல் 18 வந்திருக்கலாம், புதிய எண்களோடு மறுபடி கணக்குப் போடவைக்கும் எஃப்9 விசையை அழுத்தினால் 35 வரலாம். எக்செல்லில் பிழை இல்லை. ஆயிரம் ஆள் என்பது கவுன்ட்டருக்கு 100 மணி நேரம்தான். வரிசை இவ்வளவு நெருக்கடியில் இருக்கும்போது 100 மணி நேரம் பார்த்தாலும் தற்செயலின் ஆட்டம் அடங்காது. ஒரே ஒரு ஓட்டத்தின் விடையை நம்பக் கூடாது என்பதை நான் சொல்லிக் கேட்பதைவிட எஃப்9 சொல்லிக் கேட்பது நல்லது.

இன்னொரு கருவியையும் இப்போதே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தை ஒருவர் உள்ளே தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. நம் கணக்கில் மணிக்கு 10 பேர், ஒருவர் தங்குவது 25 கூட்டல் 5, அதாவது அரைமணி. எனவே எந்நேரமும் சராசரியாக 5 பேர் உள்ளே இருப்பார்கள். நீண்ட நேரம் நிலையாக ஓடும் மாடல் இந்தப் பெருக்கலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாடலில் எங்கோ ஓட்டை.

நான்காம் வாரம்: கேள்வியைப் பிடியுங்கள்

பாடநூல் கவுன்ட்டரை இத்தோடு விட்டுவிட்டு உங்கள் இடத்துக்கு வாருங்கள். "எங்கள் பிளான்ட் முழுவதையும் மாடல் செய்ய வேண்டும்" என்று தொடங்கியவர்களில் முடித்தவரை நான் பார்த்ததில்லை. கேள்வி ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும், அதற்குள் ஒரு முடிவும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். "காலை 9 முதல் 1 மணி வரை மருந்தகத்தில் மூன்றாவது கவுன்ட்டர் திறந்தால், இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பவர்கள் எவ்வளவு குறைவார்கள்?" என்பது கேள்வி. "மருந்தகத்தை மேம்படுத்துவது எப்படி?" என்பது வேண்டுதல்.

விடை தெரிந்தால் யார் என்ன செய்வார் என்பதையும் அந்த வாக்கியத்துக்குக் கீழே எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் வேறு கேள்வியைப் பாருங்கள்.

ஐந்தும் ஆறும்: நின்று அளப்பது

நான் முதன்முதலில் செய்த மருத்துவமனை வேலையில் சறுக்கியது இங்கேதான். மருந்தகக் கவுன்ட்டர். பில் போடும் கணினியில் ஒவ்வொரு நோயாளிக்கும் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருந்தன. சராசரி மூன்று நிமிடம். பல்லாயிரம் பதிவுகள், ஒரு வாரத்தில் மாடல் தயார். மாடலில் வரிசை நான்கு பேரைத் தாண்டவில்லை. நிஜத்தில் காலை பதினொரு மணிக்கு வரிசை கதவைத் தாண்டி நடைபாதைக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு காலைகள் கைக்கடிகாரத்தோடு கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. மருந்தாளுநர் எண்ணைத் தட்டும்போதுதான் கணினிக்கு நேரம் தொடங்குகிறது. அதற்கு முன் சீட்டை வாங்கி, கிறுக்கலைப் படித்து, புரியாவிட்டால் மருத்துவருக்கு ஃபோன் போட்டுக் கேட்கிறார். பில் அடித்த பிறகு குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினை எடுக்க உள்ளே போகிறார். இதில் எதுவுமே பதிவில் இல்லை. நிஜ நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல். மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வேறுபாடு வரிசையில் என்ன செய்யும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

நோயாளிகள் சீராக வரவும் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் பத்தரை மணிக்கு மொத்தமாக வரும், அதைப் பார்த்து மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள், பதினொன்றுக்கு எல்லோரும் ஒன்றாக மருந்தகத்துக்கு இறங்குவார்கள். நாள் முழுவதற்கும் ஒரே சராசரி வைத்த என் மாடலுக்கு இந்த அலை தெரியவே தெரியாது.

ஆகவே கணினிப் பதிவு கையில் இருந்தாலும் ஒரு நாளாவது போய் நில்லுங்கள். வருகையை அரைமணி அரைமணியாகப் பிரித்து எண்ணுங்கள். நேரத்தை நொடியோடு எழுதுங்கள். ஏட்டில் எல்லா நேரமும் 5, 10, 15 என்றே இருந்தால் அது யாரோ மாலையில் உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்பியது. அளக்கிறீர்கள் என்று தெரிந்தவுடன் ஆட்கள் வேகமாக வேலைசெய்வார்கள், முதல் ஒரு மணி நேரக் கணக்கைத் தள்ளிவிடுவது நல்லது. எதற்காக அளக்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தால் ஆள்குறைப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும், அந்தப் பயத்தில் தப்பில்லை.

அளக்கவே முடியாதவை இருக்கும். அதற்கு அனுபவசாலியிடம் மூன்று எண் கேளுங்கள்: மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு. இந்த மூன்றையும் மூலைகளாக வைத்து வரையும் முக்கோணப் பரவலுக்கு இது போதும். மணி வடிவ இயல்நிலைப் பரவலை மட்டும் வேலை நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அது சில சமயம் சுழியத்துக்குக் கீழான நேரத்தைத் தரும், நோயாளி வருவதற்கு முன்பே மருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

தொழிற்சாலைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. "இயந்திரம் 90 சதவீத நேரம் ஓடும்" என்பது தரவு ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் நின்றாலும் 90 சதவீதம்தான், பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் 90 சதவீதம்தான். முதல் வகையை இடையில் வைத்த ஒரு சின்ன ரேக் சமாளித்துவிடும். இரண்டாவது வந்தால் லைன் முழுதும் நிற்கும். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பழுது, சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

ஏழாம் வாரம்: இப்போது மென்பொருள்

இத்தனை தூரம் வந்தவருக்கு மென்பொருள் சில நாள் வேலை. காசு கொடுக்காமல் தொடங்க வழிகள் உண்டு. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் 'சிம்பை' (SimPy) என்ற நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம், அது இலவசம், அலுவலக வேலைக்கும் தடையில்லை. படம் வரைந்து கட்ட விரும்புகிறவர்களுக்கு ஜாம்சிம் இருக்கிறது, அதுவும் திறந்த மூலம். எனிலாஜிக் கற்பவர்களுக்கென்று ஓர் இலவசப் பதிப்பு தருகிறது, ஆனால் அதை வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அரீனா, சிமியோ, ஃபிளெக்ஸ்சிம் எல்லாம் நல்லவையே. எது சிறந்தது என்று மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கு எது தெரியுமோ அதை எடுங்கள், மாட்டிக்கொள்ளும்போது கேட்க ஆள் இருக்கும்.

முதலில் கட்ட வேண்டியது உங்கள் மருந்தகத்தையோ லைனையோ அல்ல. எக்செல்லில் போட்ட அதே ஒற்றைக் கவுன்ட்டரைப் புதிய கருவியில் கட்டி, 25 நிமிடம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் கருவியை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். அடுத்து உங்கள் இடத்தை ஒவ்வொரு துண்டாகச் சேருங்கள். ஒரு துண்டு, ஒரு ஓட்டம், ஒரு சரிபார்ப்பு. முப்பரிமாணப் படம், நடக்கும் மனிதர்கள், மரம் செடி எல்லாம் கடைசி நாளுக்கு. அவை மேலாளருக்காக.

சரிபார்ப்பதில் இரண்டு வகை

மாடல் நீங்கள் நினைத்தபடிதான் ஓடுகிறதா என்பது ஒன்று. இதற்குக் கோக்குமாக்கான சோதனைகள் வையுங்கள். வருகையைச் சுழியமாக்கினால் யாரும் வெளியேறக் கூடாது. கவுன்ட்டரை நூறாக்கினால் காத்திருப்பு மறைய வேண்டும். ஒரே ஒரு நோயாளியை அனுப்பி, அவர் ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டுவதைக் கடிகாரத்தோடு பின்தொடருங்கள். நிமிடமும் மணியும் கலந்துபோவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை, என் மாடல்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீங்கள் நினைத்ததே நடப்போடு ஒத்துப்போகிறதா என்பது மற்றொன்று. எண்களை ஒப்பிடுவது அவசியம். அதைவிட அவசியம், அங்கே நாள்தோறும் வேலைபார்ப்பவரைத் திரைக்கு முன் உட்கார வைப்பது. அந்த மருந்தகத்தில் மூத்த மருந்தாளுநர் ஒரு அம்மா. திருத்திய மாடலை ஓட்டிக் காட்டினேன். ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இந்தப் படத்தில் போகிறவர்கள் யாருமே திரும்பி வருவதில்லையே? மருந்தை வாங்கிக்கொண்டு நாலடி போய்விட்டு, எது காலை எது ராத்திரி என்று கேட்க மறுபடி வருவார்கள். வரிசையில் நிற்க மாட்டார்கள், நேரே தலையை நீட்டுவார்கள்."

எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு சுற்று அது. அடுத்த நாள் எண்ணிப் பார்த்தேன். அதைச் சேர்த்த பிறகுதான் மாடலின் பதினொரு மணி வரிசை நடைபாதையைத் தொட்டது. மூன்றாவது கவுன்ட்டரைத் திறப்பதற்கு முன், மருந்து உண்ணும் முறையை விளக்க மட்டும் ஓர் ஆளைத் தனியே உட்கார வைத்தால் என்ன என்ற யோசனையும் அவருடைய அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

ஓட்டங்களும் எண்களும்

உங்கள் இடம் காலையில் காலியாகத் திறந்து மாலையில் மூடுகிறதா, இல்லை இரவு பகலாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். முதல் வகையில் ஒரு நாள் என்பது ஒரு ஓட்டம். இரண்டாம் வகையில், காலியான ஆலையிலிருந்து தொடங்கும் மாடலின் ஆரம்ப நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. லைன் நிரம்பி நிதானத்துக்கு வந்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

ஒரே ஏற்பாட்டை வெவ்வேறு தற்செயல் எண்களோடு முப்பது முறை ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சராசரிகளின் சராசரி 22 நிமிடம், திட்ட விலக்கம் 6 என்றால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை, சுமார் 19.8 முதல் 24.2 வரை. அறிக்கையில் 22 என்று மட்டும் எழுதாமல் இந்த இடைவெளியையும் எழுதுங்கள். அதைப் பாதியாகச் சுருக்க ஓட்டங்களை இரட்டிப்பாக்கினால் போதாது, நான்கு மடங்கு, அதாவது 120 வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கே: இந்த இடைவெளி சராசரிக்கானது. நாளை வரும் ஒருவர் இருபத்து நான்கு நிமிடத்துக்குள் போய்விடுவார் என்று இதற்குப் பொருள் இல்லை. இருபது நிமிடத்தைத் தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்பதைத் தனியாக எண்ணிக் காட்டுங்கள். வரிசையில் நிற்பவருக்குச் சராசரி எதற்கு?

இரண்டு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது அதே நோயாளிக் கூட்டத்தையே இரண்டுக்கும் அனுப்புங்கள். மென்பொருளில் 'சீட்' என்ற தொடக்க எண்ணை ஒன்றாக வைப்பதுதான் முதல் படி. வருகைக்கு ஓர் எண்வரிசை, வேலை நேரத்துக்கு வேறோர் எண்வரிசை என்று பிரித்தும் வையுங்கள், இல்லாவிட்டால் கவுன்ட்டரைக் கூட்டியவுடன் கூட்டமும் மாறிப்போகும். இரண்டு பள்ளிகளை ஒப்பிட ஒன்றுக்கு எளிய வினாத்தாளும் மற்றதற்குக் கடினமானதும் கொடுக்க மாட்டோம் அல்லவா?

உங்கள் குழுவுக்குக் கற்றுக்கொடுக்கும்போது

ஒரு மாடலை முடித்தவுடன் "மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று மேலிடம் சொல்லும். எட்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர், தளம் தெரிந்த மூத்தவர் ஒருவர் என இருவர் இருவராக உட்கார வையுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வேண்டாம். வாரம் ஒரு அரை நாள் என்று எட்டு வாரம் நடத்துங்கள், இடையிலுள்ள நாட்களில் அவர்கள் போய் அளந்துகொண்டு வரட்டும்.

தொடக்க நாளில் விளையாட்டு ஒன்று இருக்கட்டும். எம்ஐடியில் பிறந்த பீர் விளையாட்டு இன்றும் வகுப்புகளில் ஆடப்படுகிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர், ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் அனுப்பலாம், சரக்கு தாமதமாகத்தான் வரும். வழக்கமான வடிவத்தில் வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4 பெட்டியாக இருந்து ஒரே ஒருமுறை 8 ஆக மாறும், அவ்வளவுதான். ஆனால் ஆலைக்காரரிடம் போய்ச் சேரும் ஆர்டர் எகிறி, பிறகு அதலபாதாளத்துக்கு விழும். ஆட்டம் முடிந்ததும் நான்கு பேரும் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள். அதன் பிறகு தேவையின் வரைபடத்தைக் காட்டுங்கள். பெயர் சங்கடமாக இருக்கும் இடங்களில் நான் பிஸ்கட் பெட்டி என்று மாற்றிக்கொள்வேன், பாடம் மாறுவதில்லை.

தேர்வு வைக்க வேண்டுமென்றால் கேள்வித்தாள் வேண்டாம். வேண்டுமென்றே ஐந்து தவறுகள் புதைத்த ஒரு மாடலைக் கொடுங்கள். ஒரு இடத்தில் நிமிடம் மணியாகியிருக்கட்டும், ஊழியருக்கு மதிய உணவு இடைவேளையே இல்லாமல் இருக்கட்டும், அவசர நோயாளிக்கு முன்னுரிமை தலைகீழாக இருக்கட்டும், இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே எத்தனை பெட்டி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றிருக்கட்டும், ஒரு வேலை நேரம் சுழியத்துக்குக் கீழே போகட்டும். தவறுகள் எத்தனை என்று சொல்லாதீர்கள். ஆறாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவர் உண்டு, அது நீங்கள் அறியாமலே விட்டதாக இருக்கும்.

மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஐஐடிகளின் பாடங்களை இணையத்தில் தரும் என்பிடெல் தளத்தில் இந்தத் துறைக்கான பாடங்கள் உள்ளன. பார்ப்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். 1967இல் தொடங்கிய விண்டர் சிமுலேஷன் மாநாட்டின் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் புதியவர்களுக்கான அறிமுகக் கட்டுரைகளை முதலில் எடுங்கள், மற்றவற்றின் கணிதத்தைக் கண்டு மிரள வேண்டாம்.

கடைசியாக, நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாடலுக்குள் போன ஒவ்வொரு அனுமானத்தையும் அதில் எழுதுங்கள்: என்ன எண், யார் சொன்னது அல்லது எந்த நாள் அளந்தது, எவ்வளவு நம்பலாம். பக்கத்திலேயே சீட் எண்ணையும் மென்பொருளின் பதிப்பையும் குறித்துவையுங்கள். இதைக் கணினிக் கோப்பாக வைத்தால் கடவுச்சொல்லோடு இடமாற்றலாகிப் போய்விடும். நோட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவர் "இந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது, புரட்டிப் பார்க்கப் பக்கம் ஒன்று இருக்கும்.